வழிவாய்க்கால் இல்லாத கிணற்றுப் பங்கு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். பரப்பும் குழியும் எழுதி, நான்கெல்லையும் எழுதிய பின்னரும் நொத்தாரிசு பேனாவை மூடிவிடுவதில்லை. இன்ன கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு என்று எழுதுவார். அதனோடும் அமையாது, அக்கிணற்றுக்குப் போய்வரும் வழிக்கும், அங்கிருந்து நீர் வரும் வாய்க்காலுக்கும் உரிமை உண்டு என்று சேர்த்து எழுதுவார். கிணற்றில் பங்கைக் கொடுத்துவிட்டு வழியை அடைத்தவன் பங்கே கொடாதவன் என்பதை எம் முன்னோர் பட்டு அறிந்திருந்தார்கள். வேலிக்கும் வழிக்கும் வாய்க்காலுக்கும் நீதிமன்றப் படி ஏறிய சமுதாயம் நாம். இதனை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு விழிப்புள்ள எமக்கு, அதே கிணற்றைப் பற்றிய இன்னொரு சொத்து கண்முன்னே கைநழுவிப் போவது மட்டும் ஏனோ தெரியவில்லை. எம் கிணறுகளில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது, உவர் எவ்வளவு ஏறியிருக்கிறது, நைத்திரேற்று எவ்வளவு, எண்ணெய் கலந்ததா இல்லையா என்று ஆண்டாண்டாக அளந்து எழுதிய எண்களே அச்சொத்து. அளந்தவர்கள் சம்பளம் பெற்றது பொதுப்பணத்தில். அளக்கப்பட்டது எங்கள் தண்ணீர். அவ்வெண்கள் இன்று எந்த வடிவத்தில் இருக்கின்றன? அவற்றைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது? நாம் இவ்வாரம் கேட்பது இதுதான்.

கணக்கப்பிள்ளையின் குறியெழுத்து

கோப்பு வடிவம் என்பது என்ன என்று தோட்டத்தில் நிற்கும் அன்பர் கேட்கக்கூடும். கணினியில் ஓர் அட்டவணையைச் சேமித்தால் அது ஒரு கோப்பாகிறது. கோப்புக்குள் எண்களும் சொற்களும் எந்த ஒழுங்கில், எந்தக் குறியீட்டில் அடுக்கப்படுகின்றன என்பதே அதன் வடிவம். அந்த ஒழுங்கு முழுமையாக எழுதி வெளியிடப்பட்டு, அதன்படி வாசிக்கவும் எழுதவும் எவருக்கும் உரிமை இருக்குமாயின் அது திறந்த வடிவம். ஒரு கம்பனி அதனைத் தன் மனம்போல் வகுத்து, தன் மென்பொருளை வாங்கியவனே சரிவர வாசிக்கலாம் என்னும்படி வைத்திருக்குமாயின் அது தனியுடைமை வடிவம்.

ஒரு கடைக்காரர் கணக்கப்பிள்ளை ஒருவரை அமர்த்துகிறார் என்று வையுங்கள். பேரேடு கடைக்காரருடையது, மை அவருடையது, வரவும் செலவும் அவருடையவை. ஆனால், கணக்கப்பிள்ளை தமிழிலும் எழுதாமல் ஆங்கிலத்திலும் எழுதாமல் தமக்கே விளங்கும் குறியெழுத்தில் எழுதிவைக்கிறார். சம்பளம் கொடுக்கும் மட்டும் வாசித்துக் காட்டுவார். கொடுக்க இயலாத ஆண்டில் பேரேடு அலுமாரியில் கிடக்கும். அதில் என்ன இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. கணக்கப்பிள்ளை கண்ணை மூடிவிட்டாலோ கதை முடிந்தது. இப்படி ஒரு கணக்கப்பிள்ளையைச் சுன்னாகச் சந்தையில் எந்தக் கடைக்காரர் வைத்திருப்பார்? கடைக்காரர் சகியாத ஒன்றை விஞ்ஞானிகள் சகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

புள்ளிவிபர ஆய்வுக்கு உலகெங்கும் புழங்கும் மென்பொருள்களுள் எஸ்.பி.எஸ்.எஸ். 1968 இல் தோன்றியது. 2009 இல் ஐ.பி.எம். கம்பனி அதனை வாங்கிக்கொண்டது. எஸ்.ஏ.எஸ். 1976 இல் கம்பனியாயிற்று. இவற்றை ஆக்கியோரின் திறமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. நல்ல கருவிகள்தாம். ஆனால் கருவி வேறு, விளைச்சல் வேறு. மண்வெட்டியை விற்றவன் வெங்காயத்துக்கும் பூட்டுப் போடலாமா? கருவிக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தை டொலரில் எண்ணிப் பார்த்தால், 2022 இல் இந்நாட்டு ரூபா விழுந்த விழுக்காட்டுக்குப் பின் எந்த ஆய்வாளரின் தனிச் சம்பளமும் தாங்காது. ஆகவே மாணவர் பலரின் கையில் இருப்பது பூட்டுடைத்த கள்ளப் பிரதி. படிக்கும்போது பல்கலைக்கழகத்தின் சாவி, படித்து முடித்தபின் களவுச் சாவி, உத்தியோகத்துக்குப் போனபின் சாவியே இல்லை. இந்த மூன்று நிலையையும் கடந்து வந்த பட்டதாரிகள் இதை வாசித்துத் தலையசைப்பார்கள் என்பது எமக்குத் தெரியும்.

முப்பது மாரி கண்ட எண்கள்

எல்லா ஊருக்கும் இது சங்கடம்தான். எமது ஊருக்கு மட்டும் ஏன் உயிர்ப் பிரச்சினை?

இக்குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடும். மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் பொந்துகளிலே, உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கும் நன்னீர்தான் எமக்குள்ள தேட்டம். ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே அதனை நிரப்புகிறது. மேலே, செம்பாட்டு மண்ணில் இட்ட யூரியாவும் மலசலக் குழிகளின் கழிவும் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்குகின்றன. கீழே, அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறுகிறது. நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராயும் அடிநீர் உவராயும் இருப்பதை அறியாதார் யார்?

இத்தகைய நீரைப் பற்றி ஒருநாள் எடுத்த ஓர் அளவீடு எதையும் சொல்லாது. மாரிக்கு முன் ஒன்று, மாரிக்குப் பின் ஒன்று. வெங்காயத்துக்குப் பசளை இட்ட காலத்தில் ஒன்று, நிலம் தரிசாய்க் கிடந்த காலத்தில் ஒன்று. இப்படி இருபது ஆண்டு, முப்பது ஆண்டு தொடர்ந்து எழுதி ஒப்பிட்டாலன்றிக் கிணறு கெடுகிறதா தேறுகிறதா என்று சொல்ல முடியாது. ஆகவே எமக்குத் தேவைப்படுவது முப்பது ஆண்டு கழித்தும் வாசிக்கக்கூடிய எண்கள். ஒரு மென்பொருளின் ஆயுளோ பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு.

வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அக்கட்டுரைகள் காகிதத்தில் அச்சானவை. சஞ்சிகையின் ஒரு பிரதி எங்கேனும் தப்பியிருந்தால் இன்றும் பிரித்து வாசிக்கலாம். கண்ணாடி ஒன்று போதும். ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளை இன்றும் அறிஞர் வாசிக்கிறார்கள். 1707 இல் எழுத்தில் வந்த தேசவழமை இன்றும் வழக்குகளில் எடுத்தாளப்படுகிறது. காகிதம் தீக்கு அஞ்சும். 1981 இல் எமது பொதுசன நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்டவர்களுக்கு அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் தப்பிய காகிதம் வாசிக்கத் தன் உற்பத்தியாளனிடம் அனுமதி கேட்பதில்லை.

இதோ ஒரு சம்பவம். எமக்கு நெருங்கிய ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் 1980களின் இறுதியில் வலிகாமத்துக் கிணறுகள் சிலவற்றின் அளவீடுகளைக் கணினியில் ஏற்றி ஒரு பிளொப்பித் தட்டில் வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, உறுதிகளோடும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளோடும் அத்தட்டும் பைக்குள் போயிற்று. வன்னிக்கும் போய்த் திரும்பியது. அண்மையில் ஒரு பழைய வாசிப்பானைத் தேடிப்பிடித்துத் தட்டைப் போட்டால், ஆச்சரியம், தட்டு பழுதாகவில்லை. கோப்பு இருக்கிறது. ஆனால் அது லோட்டஸ் 1-2-3 என்னும் மென்பொருளின் கோப்பு. 1983 இல் வந்து உலகை ஆண்ட அம்மென்பொருளுக்கான ஆதரவை 2014 இல் அதன் உடைமையாளரே நிறுத்திவிட்டனர். மைக்ரோசொஃப்ட் கம்பனியின் எக்செலோ 2007 ஆம் ஆண்டுப் பதிப்போடு அக்கோப்புகளைத் திறக்கும் வேலையைக் கைவிட்டுவிட்டது. ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பி வந்த எண்கள் வீட்டு மேசையில் வந்து ஊமையாயின.

கடைசியில் அதைத் திறந்தது எது? லிபிரே ஒஃபிஸ் என்னும் இலவச மென்பொருள். யாரோ தொண்டர்கள், தங்களுக்கு ஒரு சதமும் தராத ஒரு பழைய வடிவத்தை ஆராய்ந்தறிந்து, அதை வாசிக்கும் வழியைத் தம் நிரலில் சேர்த்து வைத்திருந்தார்கள். தனியுடைமை வடிவங்கள் சில இன்றும் திறபடுகின்றன என்றால், பெரும்பாலும் அது இத்தகையோரின் புண்ணியம். எஸ்.பி.எஸ்.எஸ். கோப்பைக்கூட இலவச மென்பொருள்கள் இன்று வாசிக்கின்றன. அதைக் காட்டி, பூட்டே இல்லை என்று எம்மிடம் வாதிக்க வருவோர் உண்டு. மதிலேறிக் குதித்துக் கதவைத் திறந்தவனைக் காட்டி, வீட்டுக்காரன் கதவைத் திறந்துதான் வைத்திருந்தான் என்று சாதிப்பது போன்றது அவ்வாதம்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. திறந்த கோப்பில் ஒரு நிரலின் தலைப்பில் ‘என்’ என்னும் ஓர் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தது. அது நைத்திரேற்றின் அளவா, நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் அளவா? இரண்டுக்கும் வேறுபாடு நான்கு மடங்குக்கு மேல். ஒரே தண்ணீரை ஒருவர் லீற்றருக்கு 44 மில்லிகிராம் என்பார். மற்றவர் 10 என்பார். இருவர் சொல்வதும் சரி. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 50. எது எது என்று தெரியாவிட்டால் கைக்குழந்தைக்கு ஆகாத நீர் நல்ல நீராகிவிடும். எழுதியவருக்கே இன்று அது நினைவில்லை. வடிவம் திறந்திருந்தால் மட்டும் போதாது, விளக்கக் குறிப்பும் கூட இருக்க வேண்டும் என்பதை அத்தட்டு எமக்குக் கற்பித்தது.

அம்மாவுக்கு நேர்ந்த கதி

விஞ்ஞானத்தில் விருப்பமில்லாத வாசகர் இதெல்லாம் தமக்கு ஆகாத சங்கதி என்று பக்கத்தைத் திருப்பவேண்டாம். இதே நோயை நாம் எல்லோரும் எழுத்தில் அனுபவித்திருக்கிறோம்.

பாமினி என்னும் எழுத்துருவை அறியாத அச்சகம் யாழ்ப்பாணத்தில் இருந்ததா? அழகான எழுத்து, அதில் குறையில்லை. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இருப்பிடங்களில் தமிழ் எழுத்துகளைக் குடியேற்றி ஆக்கப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்று எழுதிய சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இப்படி எழுதிய நூல்கள், மலர்கள், ஆய்வேடுகள், சங்க அறிக்கைகள் எத்தனை! தமிழ் யூனிகோட் குறிமுறையில் 1991 இலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2010 இல் யூனிகோட்டை ஏற்றுக்கொண்டது. நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் காத்துவருகிறது. அந்த அரும்பணியில் ஈடுபட்டோரைக் கேளுங்கள், பழைய குறிமுறைகளால் பட்ட பாட்டைச் சொல்வார்கள். யூனிகோட்டுக்கு நாம் மாறினோம்; எழுத்து பிழைத்தது. எண்களை இன்னும் பாமினிக் காலத்திலேயே வைத்திருக்கிறோம்.

பணக்கார நாடு தப்பிவிடும் என்று எவரும் நினைக்கவேண்டாம். 2020 ஆம் ஆண்டு, கொரோனாத் தொற்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த வேளை, இங்கிலாந்தில் செப்டெம்பர் 25 இற்கும் ஒக்டோபர் 2 இற்கும் இடையில் 15,841 நோயாளர் கணக்கிலேயே வரவில்லை. ஆய்வுகூடங்கள் அனுப்பியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்புகள். அவற்றில் ஒரு பெயரும் குறையவில்லை. அவற்றை வாங்கிய பொதுச் சுகாதார நிறுவனமோ எக்செலின் பழைய வடிவத்தில் ஏற்றியது. அப்பழைய வடிவத்தின் ஒரு தாளில் 65,536 வரிகளுக்குமேல் இடமில்லை. ஒரு நோயாளிக்கே பல வரிகள் செலவாயின. இடம் நிரம்பியதும் எஞ்சியவர்கள் சத்தமின்றி வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களோடு பழகியவர்களை உரிய நேரத்தில் எச்சரிக்க முடியவில்லை. உலகத்தின் சிறந்த மருத்துவர்களும் புள்ளிவிபரவியலாளரும் வாழும் நாட்டில், எளிய திறந்த கோப்பு காத்துத் தந்ததைப் பழைய கம்பனிக் கோப்பு விழுங்கிற்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எக்செல் தாளில் கிணற்று இலக்கத்தை 3-12 என்று எழுதிப் பாருங்கள். அது திகதியாக மாறி நிற்கும். மரபணுப் பெயர்கள் சில இவ்வாறே திகதிகளாக மாறி ஆய்வுக் கட்டுரைகளில் புகுந்தமையால், 2020 இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு சிலவற்றின் பெயர்களையே மாற்றிவிட்டது. செருப்புக்காகக் காலை வெட்டிய கதையை இனிக் கட்டுக்கதை என்று சொல்லாதிருப்போம்.

சுன்னாகத்தில் நடந்தது

இனி வீட்டுக்கு வருவோம். 2014 ஆம், 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் கொதித்தெழுந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. வாளியில் அள்ளிய நீரில் வானவில் தெரிந்தது. தண்ணீர்ப் பவுசர்கள் வந்தன. உண்ணாவிரதங்கள் நடந்தன. நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனை ஒன்று சொல்லிற்று. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் கூற்று வேறாக இருந்தது. குடிக்கலாமா, குளிக்கலாமா, வெங்காயத்துக்கு இறைக்கலாமா என்று கேட்ட கமக்காரன் கையில் வந்து சேர்ந்தவை பத்திரிகைத் தலைப்புகளும் மேடைப் பேச்சுகளுமே. அடிப்படை உரிமை வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, 2019 ஏப்ரில் 4 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்திக் கம்பனி, கிணறு கெட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது.

எவர் சரி, எவர் பிழை என்ற பழைய வழக்கை நாம் இங்கே மீண்டும் விசாரிக்கவில்லை. எமது கேள்வி வேறு. இரு தரப்பின் எண்களும், எந்தக் கிணறு, எந்த நாள், எந்த ஆழம், எந்த ஆய்வுகூடம், எந்த முறை என்ற குறிப்புகளோடு, எவரும் திறக்கக்கூடிய கோப்பாக அந்த வாரத்திலேயே ஊர் நடுவே வைக்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? இணுவிலில் இருக்கும் ஒரு கணித ஆசிரியர் அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எம் இரசாயனவியலாளர் நூறு பேர் இரவோடிரவாக ஒப்பிட்டிருப்பார்கள். முரண்பாடு மாதிரி எடுத்த முறையிலா, அளந்த பொருளிலா, அளக்கும் பொறியின் உணர்திறனிலா என்று தெரிய வந்திருக்கும். ஒருவரை ஒருவர் துரோகி என்று ஏசிய காலத்தில் பாதியேனும் மிச்சமாகியிருக்கும்.

இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவதா என்ற பிணக்கிலும் இதே நோய்தான். கிளிநொச்சிக் கமக்காரருக்கு வயல் முதல். யாழ்ப்பாணத்தாருக்குக் குடிநீர் முதல். குளத்தில் எத்தனை ஆண்டில் எவ்வளவு நீர் மிஞ்சியது என்பது எண்களால் தீரவேண்டிய வினா. ஆனால் அது ஊருக்கும் ஊருக்கும் உள்ள மானப் பிரச்சினையாக வளர்ந்தது.

சொல்லப்படும் சாட்டுகள்

இதை எழுதத் தொடங்கியதும் எமக்கு நன்கு தெரிந்த படித்தவர்கள் சிலர் புன்னகைத்தார்கள். ‘எல்லோரும் இதைத்தானே பாவிக்கிறார்கள்’ என்பது முதற் சாட்டு. எல்லோரும் லோட்டசையும் பாவித்தார்கள். இதற்கு மேல் விடை சொல்வது வீண்.

‘எக்செலின் புதிய வடிவம் சர்வதேசத் தரமாகிவிட்டதே’ என்பது அடுத்தது. மெய்தான், 2008 இல் அது சர்வதேசத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. அத்தரம் ஆறாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டதாக முன்வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஒரு கிணற்று இலக்கமும் ஒரு திகதியும் ஓர் எண்ணும் எழுத ஆறாயிரம் பக்கம் எதற்கு? ஆனாலும் பூட்டிய பெட்டியை விட இது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பழைய பூட்டுகளிலிருந்து மாற்றுவோர் இதில் ஒரு கால் வைத்துப் போகலாம், குடியிருக்க வேண்டாம்.

மூன்றாவது சாட்டு பாரமானது. நேர்மையாகவே விடை கூறவேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். கோப்பு எண்களை மட்டும் வைத்திருப்பதில்லை. 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். 999 என்றால் பதில் இல்லை என்ற விளக்கங்களையும் உள்ளேயே தாங்கியிருக்கிறது. அதை வெறும் காற்புள்ளிக் கோப்பாக மாற்றினால் அவ்விளக்கங்கள் உதிர்ந்துவிடும். பின்னால் வருபவன் 999 ஐ மெய்யான அளவாக எண்ணிச் சராசரியில் கூட்டிவிடுவான். இது உண்மை. ஆனால் இதற்கு மருந்து பூட்டு ஆகாது. விளக்கங்களை வேறொரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதி, எண்களோடு கட்டிவைப்பதே மருந்து. அரைநாள் வேலை. அந்த அரைநாளைச் செலவிட மனமில்லாமல்தான் முப்பது ஆண்டு அளவீட்டைப் பணயம் வைக்கிறோம்.

கடைசிச் சாட்டு மெல்லிய குரலில் வரும். ‘எண்களை வெளியே விட்டால் சனங்கள் பிழையாக விளங்கிப் பீதியடைவார்கள்’ என்பார்கள். அன்பர்களே, சனங்கள் சுன்னாகத்தில் எண்கள் இல்லாமலே பீதியடைந்தார்கள்! உண்மையான பயம் எது என்று நாம் சொல்லட்டுமா? தம் கணக்கை இன்னொருவர் சரிபார்த்துவிடுவாரே என்பதே அப்பயம். விஞ்ஞானத்தில் அதற்குப் பெயர் பரிசோதனை. கந்தோரில் அதற்குப் பெயர் அவமரியாதை.

வானியலாளரைப் பாருங்கள். 1981 இல் தமக்கென ஒரு திறந்த வடிவத்தை வகுத்து, அதில் ஒருமுறை எழுதிய கோப்பு எக்காலத்தும் வாசிக்கப்படவேண்டும் என்ற விதியோடு இன்றும் கையாளுகிறார்கள். நட்சத்திரத்தின் ஒளி ஓடிவர ஆயிரம் ஆண்டு எடுக்கும். அதை எழுதிய கோப்பு பத்தாண்டில் ஊமையாகலாகாது என்ற நிதானம் அவர்களுக்கு இருந்தது. காலநிலை ஆய்வாளருக்கும் அவ்வாறே பொது வடிவம் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999 இல், மருந்துப் பரிசோதனை எண்களுக்கு எஸ்.ஏ.எஸ். கம்பனியின் வடிவம் ஒன்றையே ஏற்றது. ஆனால் எதை ஏற்றது? ஒழுங்கு முழுவதும் எழுதிப் பகிரங்கமாக வெளியிடப்பட்ட வடிவத்தை. கம்பனியின் பெயரில் எமக்குப் பகையில்லை. எழுதி வெளியிட்டால் எமக்கும் சம்மதமே. இந்திய அரசு 2010 இல் அரசாங்கக் கருமங்களுக்குத் திறந்த தரங்களைக் கொள்கையாக்கியது. பிரித்தானிய அரசு 2014 இல் திறந்த ஆவண வடிவத்தைத் தேர்ந்தது.

நாம் கேட்பவை

எவரும் தமக்குப் பழகிய மென்பொருளைக் கைவிடவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வசதியுள்ளவர் கட்டணம் கட்டி எதிலும் ஆராயட்டும். வசதியில்லாதவருக்கு நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களில் இருவர் தொடங்கிய ‘ஆர்’ என்னும் மொழி இலவசமாகக் கிடக்கிறது. உலகத்துப் புள்ளிவிபரவியலாளர் அதில் வேலை செய்கிறார்கள். ஆனால் ஆய்வு முடிந்தபின் பொதுச் சொத்தாக வைக்கும் பிரதி திறந்த வடிவத்தில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வேட்டை ஏற்கும்போது, கட்டிய புத்தகத்தோடு மூல எண்களையும் காற்புள்ளிக் கோப்பாகவும் விளக்கக் குறிப்பை யூனிகோட்டிலும் கேட்டுப் பெறலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் விவசாய பீடத்துக்கு இதில் முதற்கடமை உண்டு. மண்ணையும் நீரையும் அளப்பவர்கள் அவர்களே. மாகாண விவசாயத் திணைக்களமும், நீர்வழங்கல் சபையும், நீர்வளச் சபையும் அளவுகருவி வாங்கக் கேள்விப்பத்திரம் கோரும்போது ஒரு வரியைச் சேர்க்கவேண்டும்: கருவி எழுதும் பதிவைத் திறந்த வடிவத்தில் எடுக்க முடியாவிட்டால் அக்கருவி வேண்டாம் என்பதே அந்த வரி. விற்பவன் தலைகீழாக நின்றும் சம்மதிப்பான். வாங்குபவன் கேட்காததே குறை. கிணற்றுக்குரியவரின் பெயரை நீக்கிவிட்டு வெளியிடுவது முறை. அதைச் சாட்டாக வைத்து எல்லாவற்றையும் மூடுவது முறையில்லை.

இவர்கள் தாமாகச் செய்வார்கள் என்று காத்திருக்கவும் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவலை மின்னியல் வடிவில் பெறவும் அது இடந்தருகிறது. கேட்டால், வருவது பெரும்பாலும் காகிதத்தை ஒளிநகல் செய்த படம். ஒரு கந்தோரிலிருந்து எமக்கு வந்த படத்தில் மூன்று நிரல்கள் பாதி வெட்டுண்டு கிடந்தன. அதில் குற்றம் கேட்டவருக்கும் உண்டு. ‘தகவல் தருக’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் தமக்கு இலேசான வழியைத்தான் பிடிப்பார்கள்.

ஆகவே கமக்காரர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இந்த மாரி தொடங்குமுன் விண்ணப்பம் எழுதுங்கள். இவ்வாறு எழுதுங்கள்: ‘எமது பிரதேச செயலர் பிரிவில் தங்கள் திணைக்களம் அளந்த கிணறுகளின் நீர்மட்டம், மின்கடத்துதிறன், குளோரைட்டு, நைத்திரேற்று ஆகிய அளவீடுகள் அனைத்தையும், அளந்த நாள், அலகு, மாதிரி எடுத்த ஆழம், பரிசோதனை முறை, ஆய்வுகூடத்தின் பெயர் ஆகிய விபரங்களோடு, ஒளிநகலாக அன்றி, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எழுத்துக் கோப்பாகத் தருக. கண்டறிய முடியாத அளவுகளைச் சுழியமாக எழுதினீர்களா, வெற்றிடமாக விட்டீர்களா என்பதையும் குறிப்பிடுக.’ 14 வேலை நாள்களுக்குள் அவர்கள் தம் முடிவைச் சொல்லியாக வேண்டும். வரும் பதில்களை, மறுப்புகளையும் சேர்த்து, எமக்கு அனுப்பிவையுங்கள். கந்தோரின் பெயரோடு வெளியிடுவோம்.